கழன்று கிடந்த மூடி

அந்தம்மா என் காரில் ஒரு நாளும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. பின்சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு, முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிடுவார். "அம்மா, வுழுந்துடப் போறீங்க" என்றால், "விழமாட்டேன் பாய், நீங்க ஓட்டுங்க" என்பார். டீக்கடையில் நிறுத்தினால் டம்ளரும் கையுமாக நடந்துகொண்டே குடிப்பார். கடைக்காரரின் கண் தன் டம்ளரைத் தொடர்ந்து ரோட்டில் போய்வந்துகொண்டிருக்கும்.

ஐம்பது வயதுக்கு இரண்டு மூன்று குறைவாக இருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு. நரைத்த பின்னல். ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்சை, முகப்பு மணிக்கட்டின் உள்பக்கம் வரும்படி கட்டியிருப்பார். நூல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கினால் எங்கள் ஊர்ப் பெண்களே பின்தங்கிவிடுவார்கள். பேர் எனக்குத் தெரியும். சொல்ல விருப்பமில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் 'பலூன் அம்மா' என்றால் தெரியும், அது போதும்.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வாடகைக்கு நின்ற கார்களில் என்னுடையதும் ஒன்று. பொங்கல் கழிந்த வாரத்தில் காவாந்தண்டலத்தில் அறுப்புக்கு நின்ற நெல்லுக்கு நடுவே, பெரிய குடை ஒன்றில் தொங்கிக்கொண்டு ஒரு பெட்டி வானத்திலிருந்து இறங்கியது. பீரோ அளவு இருக்கும். குண்டு என்றார்கள் சிலர். சாமி என்று கற்பூரம் ஏற்றியவர்களும் உண்டு. இரண்டு நாள் யாரும் கிட்டே போகவில்லை. அப்புறம் தைரியம் வந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். குடைத்துணி போயிற்று, கயிறு போயிற்று. தனியாக வேறு பக்கம் விழுந்த பலூன் பிளாஸ்டிக், ஏக்கர் கணக்கில் கிடந்தது, வைக்கோல் போர்களுக்கு மேலே ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் அந்தம்மா இரண்டு பையன்களோடு, பையன்கள் என்றால் மீசை வைத்த ஆராய்ச்சிக்காரர்கள், வடக்கேயிருந்து வந்து இறங்கினார். ஆராய்ச்சிக் கருவியோடு அவர்கள் பறக்கவிட்ட பலூனைக் கீழே இறக்கும் கட்டளை வேலை செய்யாமல் போய், அது காற்றின் போக்கில் ஒன்றரை நாள் அலைந்து இங்கே வந்து விழுந்திருக்கிறது. "எங்க பெட்டி உங்க ஊர்ல விழுந்திருக்கு. சீக்கிரம் போகணும்" என்றார். முதல் பேச்சே அதுதான்.

போகும் வழியில் டிக்கியில் ஏதோ டங் டங்கென்று அடித்தது. "சைலன்ஸர்மா, பழசு" என்றேன்.

"வேற என்னவா இருக்கலாம்?"

"வேற இன்னா இருக்கும்? சைலன்ஸர்தான்."

"நிறுத்துங்க, பார்ப்போம்."

இறங்கிக் குனிந்து பார்த்தார். சைலன்ஸரைக் காலால் தட்டிப் பார்த்தார். கடைசியில் அவருடைய மழைக்குடைதான் டிக்கிக்குள் உருண்டு அடித்துக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் நான். எனக்குச் சுள்ளென்று வந்தது. அவருக்கோ ஒரே சந்தோஷம்.

'வேற என்னவா இருக்கலாம்?' என்பது அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தரம் வரும். டீ கசந்தாலும் கேட்பார், பஸ் வராவிட்டாலும் கேட்பார். ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அவரிடமிருந்து நகர்ந்துவிட முடியாது. என் மனைவி மைமூனுக்கு ஆறு வருஷமாகத் தலைவலி. கண்ணேறு என்று தாயத்துக் கட்டினோம், சூடு என்று எண்ணெய் வைத்தோம். ஒரு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்த அந்தம்மா, நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த மைமூனை ரொம்ப நேரம் பார்த்தார். "முறத்தை ஏன் மூக்குக்கிட்ட வச்சுப் பார்க்கறீங்க?" என்று கேட்டார். அந்த வாரமே செங்கல்பட்டில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வாங்கினோம். தலைவலி போயே போயிற்று. அதற்காக அந்தம்மாவுக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் பின்னால் வினையாக முடிந்தது.

அந்த முதல் தடவை அவர் வயலில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தது கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பக்கம் பிளந்திருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தார். அடித்தகட்டில் வளைவாக ஒரு கீறல் இருந்தது. விரலை அதன்மேல் ஒரு தரம் ஓட்டினார். அதற்குள் பையன்களில் ஒருவர், "மேடம், டேப் நல்லா இருக்கு! ஒண்ணும் ஆகலை!" என்று கத்தினார். அந்தம்மா எழுந்து ஓடினார். சேறு முழங்கால் வரை. சின்னப் பெண்போலச் சிரித்தார்.

திரும்பும்போது நான் கேட்டேன், "இதுல இன்னாதாம்மா கீது?"

சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறியிருக்கிறது. அந்தச் சாம்பலும் புகையும் இன்னும் வானத்தில் பரவிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாம்பலுக்குள்ளே எதிர்ப்பொருள் பிறக்க வேண்டும் என்று கணக்கு. நம் உடம்பு, மண், கார் எல்லாம் ஒரு வகைப் பொருள். எதிர்ப்பொருள் அதற்கு நேர் எதிரி. இரண்டும் தொட்டால் இரண்டுமே இருக்காது. மறைந்து போகும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை விட்டுவிட்டுப் போகும். அந்த ஒளிக்கு என்றைக்கும் ஒரே அளவு, ஐநூற்றுப் பதினொன்று. அது பூமி வரை வராது, காற்று விழுங்கிவிடும். அதனால் பலூனைக் காற்றுக்கு மேலே அனுப்பிப் பார்க்கிறார்கள்.

"பார்த்தாச்சா?"

"பெட்டி பார்த்ததெல்லாம் டேப்புலதான் பதிவாகியிருக்கு. அதைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்."

இரண்டு மாதம் கழித்து ஒரு கார்டு போட்டிருந்தார். 'தெரிகிறது. மறுபடி பார்க்கிறோம்' என்று இரண்டே வாக்கியம். சித்திரையில் இன்னொன்று. 'ஒன்பது விதமாகப் பார்த்துவிட்டோம். அந்த ஒளி போகவில்லை.' நான் அதைக் கண்ணாடி அலமாரியில் செருகி வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னேன். அங்கே எனக்கே ஐநூற்றுப் பதினொண்ணு பாய் என்று பேர் வந்துவிட்டது.

புரட்டாசியில் ஒரு காலை, முன்னறிவிப்பு இல்லாமல் அந்தம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினார். இந்தத் தடவை தனியாக. தோளில் ஒரு பை, கையில் ஒரு சின்னக் கருவி. முகம் வாடி இருந்தது. காரில் ஏறியதும், "காவாந்தண்டலம்" என்றார். வண்டி அய்யங்குளம் தாண்டியது. திடீரென்று, "இந்த எட்டு மாசமாத்தான் பாய் நான் நிம்மதியா தூங்கினேன்" என்றார்.

பலூனை அனுப்புவதற்கு முன்னால் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, அதே ஐநூற்றுப் பதினொன்றைக் கொடுக்கும் ஒரு வில்லையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. ஒரு பித்தளைக் கிண்ணத்துக்குள் போட்டுத் திருகுமூடி மூடியிருக்கும். சோதித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். அடுத்த பலூனுக்குத் தயார் செய்யும்போது பார்த்தால், ஆறு வில்லை இருக்க வேண்டிய மரப்பெட்டியில் ஐந்துதான் இருக்கிறது. ஆறும் இருக்கிறது என்று பதிவேட்டில் கையெழுத்து இருந்தது.

"யாரு கையெழுத்துமா?"

"என்னோடது."

காரை நிழலில் ஓரங்கட்டச் சொன்னார். தன் டிபன் டப்பாவைத் திறந்து, என்னிடம் ஒரு புளியங்கொட்டை வாங்கி உள்ளே போட்டார். "பெட்டிக்குள்ள இருக்கிற கண் கொஞ்ச நேரம் நட்சத்திரப் பக்கம் சாயும். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லாத பக்கம் சாயும். இங்கே பார்த்ததிலேர்ந்து அங்கே பார்த்ததைக் கழிச்சா, மிச்சம் நட்சத்திரத்தோடது. வில்லை மறதியா உள்ளேயே போயிருந்தாலும், கிண்ணத்துல மூடியோட ஒரே இடத்துல இருந்திருந்தா பயமில்லை. ரெண்டு பக்கமும் ஒரே அளவாத் தெரியும், கழிஞ்சு போயிடும். மூடி கழண்டு வெளியே வந்திருந்தா..." டப்பாவைச் சாய்த்தார். கொட்டை உருண்டு இந்த ஓரத்துக்கு வந்தது. மறுபடி சாய்த்தார். அந்த ஓரத்துக்குப் போனது. "சாயறப்போ எல்லாம் கண்ணுக்குக் கிட்ட வரும். நிமிர்றப்போ தள்ளிப் போகும். நான் எட்டு மாசமா நட்சத்திரம்னு பார்த்தது இந்தக் கொட்டையா இருக்கும்."

அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு பெரிய கூட்டம். அங்கே இதைப் பற்றிப் பேசப் போவது அவர்தான்.

"யாருக்கும் தெரியாதுல்ல?" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியுமே" என்றார். அப்புறம், "வில்லையால பெரிய ஆபத்து இல்லை. ஆனா ஏதாவது குழந்தை முழுங்கியிருந்தா?" என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன்.

நான்கு நாள் அலைந்தோம். கருவி டிக்... டிக்... என்று மெதுவாக அடித்துக்கொண்டிருக்கும். வில்லை பக்கத்தில் வந்தால் மழைபோலக் கொட்டும் என்றார். வீடு வீடாக நுழைந்தார். நெற்குதிருக்குள் பார்த்தார், மாட்டுக் கொட்டகையில் பார்த்தார். பெட்டியிலிருந்து எடுத்த தகடு, ஆணி, ஒயர் எல்லாம் வெட்கத்தோடு வெளியே வந்தன. எதையும் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு வீட்டில் மூன்றாவது தரம் போய் நின்றபோது, அந்த வீட்டுக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இன்னாம்மா, எங்கள திருடனுங்கன்னு நெனச்சிக்கினியா? சும்மா சும்மா வந்து பேஜார் பண்ற?" என்று கத்தினார். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க இல்லைங்க. தப்புப் பண்ணவ நான்தான்" என்றார். அந்த ஆள் சத்தம் அடங்கி வழிவிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் கன்னியம்மா வீடு. புருஷன் செத்தபின் ஒன்றரை ஏக்கரைத் தானே உழுது பயிர் வைக்கிறவள். நாற்பது வயது. வாசலில் நின்றபோதே டிக்டிக் வேகம் எடுத்தது. உள்ளே போனோம். கன்னியம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தரையில் கட்டம் போட்டுத் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கருவி மழையாகக் கொட்டியது. கட்டத்தில் புளியங்கொட்டைகளுக்கும் உடைந்த வளையல் துண்டுகளுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு காய்.

அந்தம்மா அதைத் தொடவில்லை. "யாரும் எடுக்காதீங்க. இடுக்கியும் ஈயப்பெட்டியும் வண்டியில இருக்கு" என்று வெளியே ஓடினார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் பயந்து எழுந்து போய்விட்டாள்.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

"கன்னியம்மா, இது எங்க இருந்துச்சுன்னு அந்தம்மா கேப்பாங்கோ. கிண்ணத்துக்குள்ள மூடி போட்டு இருந்துச்சுன்னு சொல்லு."

"நெசத்துக்கு அப்டி இல்லியே பாய்."

"எனக்காவ சொல்லு. அவங்களுக்கு நல்லது. ரொம்ப நல்லவங்க."

கன்னியம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அந்தம்மா வந்தார். வில்லையை இடுக்கியால் எடுத்து ஈயப்பெட்டிக்குள் வைத்து மூடினார். கன்னியம்மாவின் கையை, முந்தானையை, தரையைக் கருவியால் சோதித்தார். வெறும் டிக்... டிக். மூச்சு விட்டார். பிறகு கேட்டார்.

"இது பெட்டியில எப்படிம்மா இருந்தது?"

"ஒரு பித்தளைக் கிண்ணத்துல இருந்துச்சும்மா. மூடி போட்டு."

அந்தம்மா அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். காலை நீட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. ஒரு பொய்யால் ஒரு ஆளுக்கு இவ்வளவு நிம்மதி கொடுக்க முடியுமானால் அது என்ன பெரிய பாவம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம்தான். கண்ணைத் திறந்தார்.

"அந்தக் கிண்ணம் இருக்கா?"

கன்னியம்மா வெற்றிலைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சுண்ணாம்பு வைத்திருந்தாள். அந்தம்மா முந்தானையால் துடைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"மூடி?"

"காணாப் போச்சும்மா."

"இதுல மூடி திருகுற மரையே இல்லை. மழுங்கிக் கிடக்கு. இதுல மூடி நிக்காது." குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "கன்னியம்மா, வேற எப்படி இருந்திருக்கலாம்? நீங்க என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வராது."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். அந்தம்மாவும் அந்தப் பார்வை போன வழியிலேயே திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாய் அப்டி சொல்லச் சொன்னாரும்மா. எனக்கு வாய் வரல, இருந்தாலும் சொல்லிட்டேன்" என்றாள் கன்னியம்மா. "நெசத்துக்கு, பெட்டி ஒரு பக்கம் பொளந்துகினு இருந்துச்சு. புடிச்சித் தள்ளிப் பாத்தேன். உள்ள இன்னாவோ கடகடன்னு உருண்டுச்சு. காசோன்னு கைய வுட்டேன், இது வந்துச்சு. கிண்ணம் ஒரு மூலைல கெடந்துச்சு, மூடி ஒரு மூலைல. மூடி நசுங்கி இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன். இதாம்மா நடந்தது. எம்புள்ள மேல சத்தியம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "வுழுந்த அடியில கழண்டிருக்கலாமேம்மா! மேல இருக்கறப்போ மூடி இருந்திருக்கலாம் இல்ல?"

அந்தம்மா அதையும் யோசித்தார். என் பேச்சு என்பதற்காக அதை ஒதுக்கவில்லை. வெகுநேரம் கிண்ணத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "பெட்டிக்குள்ள அடித்தகட்டுல வளைவா ஒரு கீறல் இருந்தது. மணிக்கணக்கா ஏதோ உருண்டு தேய்ச்ச மாதிரி. தை மாசம் வயல்ல உட்கார்ந்து விரலால தடவினேன்" என்றார். "பட்டறையில விழுந்த கீறலா இருக்கும்னு விட்டுட்டேன். டேப் நல்லா இருக்குன்னு கத்தினாங்க, எழுந்து ஓடிட்டேன். வேற என்னவா இருக்கலாம்னு அன்னிக்கு மட்டும் கேட்கலை."

அழவில்லை. கன்னியம்மாவின் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். மெதுவாக நடந்து வந்து காரில் ஏறினார்.

உத்திரமேரூர் தபாலாபீஸில் டிரங்க் கால் கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பெஞ்சில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார். லைன் சரியில்லை. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மணியார்டர் எழுத வந்தவர்கள், தபால்காரர், எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் மேலதிகாரி போலிருக்கிறது. இங்கிலீஷ் எனக்கு அவ்வளவாகப் புரியாது. ஆனால் அவர் பொறுங்கள், யோசியுங்கள், கூட்டம் முடியட்டும் என்று சொல்கிறார் என்பது தெரிந்தது. அந்தம்மா கடைசியில் தமிழில் கத்தினார். "உருண்டிருக்கு சார்! உள்ளேயே உருண்டிருக்கு! நட்சத்திரம் இல்லை!" போனை வைத்துவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, சத்தம் போட்டுட்டேன்" என்றார்.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போகிற வழி முழுக்க நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். என் தோளுக்கு மேலே தலையை நீட்டவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். படாளம் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

"தப்புதாம்மா. உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சிக்கினேன்."

"தெரியுது பாய்."

"கோவமா?"

கொஞ்சம் யோசித்தார். "கோபம் இல்லை. ஆனா இனிமே ரோடு நல்லா இருக்குன்னு நீங்க சொன்னாலும் நான் இறங்கிப் பார்க்கணும் இல்லையா?"

செங்கல்பட்டு வரை ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன். ரயில் வந்தது. பையையும் ஈயப்பெட்டியையும் நான் தூக்கிக்கொண்டு போனேன். ஈயப்பெட்டியை மட்டும் தானே வாங்கிக்கொண்டார். மைமூனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

வெளிநாட்டுக் கூட்டத்துக்கு அவர் போனாரா இல்லையா என்று தெரியவில்லை. மறுவருஷம் அவரிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே தமிழில் நான்கு வரிக் கடிதம். 'மறுபடியும் பறக்கவிட்டோம். வில்லைகளை இரண்டு பேராக எண்ணிப் பார்த்து அனுப்பினோம். ஒன்றும் தெரியவில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் அந்த ஒளி அங்கே இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. இத்துடன் உள்ள பக்கத்தைக் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டவும்.'

அந்தப் பக்கம் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவரிடம் கொண்டுபோய் அர்த்தம் கேட்டேன். முந்தைய வருஷம் கண்டதாகச் சொன்னது பிழை, பிழை இப்படி நடந்தது, பொறுப்பு தன்னுடையது என்று எழுதியிருந்தாராம். அடியில் நன்றி என்று ஒரு வரி. உள்ளே என்ன உருண்டது என்பதை மறைக்காமல் சொன்ன காவாந்தண்டலம் விவசாயி கன்னியம்மாவுக்கு என்று அவள் பேரை முழுதாகப் போட்டிருந்தது. வாத்தியாரை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். அதற்குக் கீழே வேறு பேர் இல்லை.

காரை எடுத்துக்கொண்டு காவாந்தண்டலம் போனேன். கன்னியம்மா நாற்றங்காலில் இருந்தாள். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எங்க எழுதிகீது எம்பேரு, காட்டு" என்றாள். காட்டினேன். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த எழுத்துகள்மேல் விரலை வைத்து முதலிலிருந்து முடிவு வரை ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ பேர் பாக்கறதுலியா போட்டுகீறாங்கோ?"

"ஆமா. வெளிநாட்டுக்காரங்கல்லாம் படிப்பாங்க."

"உம்பேரு எங்க பாய்?"

"இல்ல."

அவள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி, வெயில்ல வந்துகீற. வூட்டாண்ட வா, மோர் குடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வரப்பில் முன்னால் நடந்தாள்.